பிளாக் ஸ்ட்ராட்: ஒட்டுப்போட்ட ஒரு கிதார் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போன கதை

இந்தக் கிதாரை வாசித்தவர் யார் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம். பெயர் தெரியாத ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பழைய கிதார் வாங்கி விற்கும் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 1969-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். கடைக்காரருக்குக் கை பரபரக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்குகிறது.

பாடி 1969-தான், ஆல்டர் மரம். ஆனால் கறுப்புப் பெயின்ட் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகக் கறுப்பு) எட்டிப்பார்க்கிறது. மேலே அடித்த கறுப்பு இரண்டாவது பெயின்ட். நெக்கை, அதாவது கழுத்தைப் பார்த்தால் அது 1983-இல் செய்தது, 1957 மாடலின் மறுபதிப்பு. பிரிட்ஜ் (பாடியில் தந்திகள் உட்காரும் தகடு) பக்கத்துப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) ஃபெண்டருடையதே இல்லை. 1979-இல் பிக்கப் செய்பவரான சேமூர் டங்கன் சுற்றிக் கொடுத்தது. வெள்ளை பிக்கார்டு (பாடியின் முகப்புத் தகடு) இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு அக்ரிலிக் பலகை. அதில் கம்பெனி வைக்காத ஒரு குட்டி ஸ்விட்ச். வேமி பாரை, அதாவது தந்திகளின் சுருதியை நெளிக்கும் கைப்பிடியை, யாரோ வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். பாடியில் ஒரு துளையை மரத்துண்டு வைத்து அடைத்த தழும்பு. பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் இன்னும் மோசம்: வேறு ஏதோ பொருத்துவதற்காக மரத்தைக் குடைந்து எடுத்து, அப்புறம் மனம் மாறி மரம் வைத்து நிரப்பி, மேலே கறுப்பு பூசியிருக்கிறார்கள்.

பழைய கிதார் சந்தையில் இதற்கெல்லாம் ஒரு வாய்ப்பாடு உண்டு. மறு பெயின்ட் என்றால் விலை ஏறக்குறைய பாதி. நெக் மாறியிருந்தால் அது 1969 கிதார் என்று சொல்வதே சிக்கல். பாடியைக் குடைந்திருந்தால் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இதற்கு மேல், 1965-இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கிய பிறகு வந்த கிதார்களுக்கு முந்தையவற்றின் மவுசு கிடையாது. இது அதிலும் நாலு வருடம் தள்ளிப் பிறந்தது. கிதாராக வேண்டாம், பாகங்களாகப் பிரித்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் அந்தக் கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

2019 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் இதே கிதாரை 39,75,000 டாலருக்கு விற்றது. அதுவரை ஏலத்தில் எந்தக் கிதாரும் அந்த விலைக்குப் போனதில்லை.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கிதார் அது. 'நட்சத்திரம் தொட்டது, அதனால் விலை' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். அப்படி முடித்தால் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி விஷயம் கைநழுவிப் போகும். அன்றைக்கு அதே மேடையில் அதே மனிதரின் இன்னொரு ஸ்ட்ராட்டும் ஏலம் போனது. எல்லா வகையிலும் இதைவிட 'நல்ல' கிதார். அது பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தழும்புகள் வந்த வழி

1970 மே மாதம். பிங்க் ஃபிளாய்ட் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் குழுவின் சாமான்கள் திருடு போயின. கில்மோர் சில வாரங்களுக்கு முன்புதான் நியூயார்க்கின் மேனிஸ் கடையில் வாங்கியிருந்த கறுப்பு ஸ்ட்ராட்டும் அதில் போயிற்று. ஊர் திரும்பும் வழியில் அதே கடையில் இன்னொரு கறுப்பு ஸ்ட்ராட் வாங்கினார். அதுதான் இது. ஜூன் 27-ஆம் தேதி இங்கிலாந்தில் பாத் இசைவிழா மேடையில் இதை வாசித்தார். திருட்டுக்கு ஈடாக அவசரத்தில் வாங்கிய பொருள். யாரும் அப்போது இதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. அதன் விளைவு மரத்தில் தெரிகிறது.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கிதார் பட்ட பாடு ஒரு பட்டறை மேசை பட்ட பாடு. மேடையில் இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்று பாடியில் துளை போட்டு மைக் ஒயர் செருகும் வகையில் ஒரு எக்ஸ்எல்ஆர் சாக்கெட் வைத்தார்கள். சரிவரவில்லை, எடுத்துவிட்டுத் துளையை அடைத்தார்கள். வாங்கும்போது மேப்பிள் நெக். 1972-இல் அதைக் கழற்றிவிட்டு 1963-ஆம் ஆண்டு ரோஸ்வுட் நெக் ஒன்றை மாட்டினார்கள். 1973-இல் கொஞ்ச நாள் நடுவில் கிப்சன் என்ற வேறு கம்பெனியின் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பைச் சொருகிப் பார்த்தார்கள். 1974-இல் வெள்ளை பிக்கார்டு போய்க் கறுப்பு வந்தது. இன்று 'பிளாக் ஸ்ட்ராட்' என்றவுடன் கண்முன் வரும் உருவம் அன்றுதான் உருவானது. 1970-களின் கடைசியில் சார்வெல் கம்பெனியின் நெக். 1979-இல் டங்கன் பிக்கப். 1980-களில் அந்தக் காலத்து மோகமான காலர் டிரெமோலோ (வேமி பாரோடு வரும் வேறு வகை பிரிட்ஜ்), அதற்காகப் பாடியில் மரத்தைக் குடைந்தார்கள்.

இத்தனை முறை நெக்கை மாற்ற முடிந்ததற்குக் காரணம் லியோ ஃபெண்டரின் வடிவமைப்பு. வயலினைப் போல, கிப்சனைப் போலக் கழுத்தைப் பசையிட்டு ஒட்டாமல், பின்பக்கம் ஒரு தகடு வைத்து நாலு திருகாணியால் முடுக்கிவிட்டார். பழுதானால் கழற்றி மாற்றலாம் என்ற தொழிற்சாலைப் புத்தி அது. கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றுவார்கள், அச்சு மாற்றுவார்கள், வடம் மாற்றுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது அதே தேர்தான். ஸ்ட்ராட்டும் அந்த ஜாதி. ஆனால் சேகரிப்பவர் ஊர்க்காரர் அல்லவே. அவர் ஒவ்வொரு திருகாணிக்கும் பிறந்த தேதி கேட்பவர்.

1980-களின் நடுவில் கில்மோருக்கு இந்தக் கிதாரில் ஆர்வம் விட்டுப்போயிற்று. அமெரிக்காவில் ஓர் உணவகத்தில் காட்சிக்கு வைக்கக் கடனாகக் கொடுத்தார். பத்து வருடம் போல அங்கேயே இருந்தது. 1997-இல் திரும்பி வந்தபோது அடிபட்டு, சில பாகங்கள் காணாமல் போய், பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

இந்த விற்பனையின் முக்கியமான முடிவு ஏலத்துக்கு இருபது வருடங்களுக்கு முன் இங்கேதான் எடுக்கப்பட்டது என்பது என் எண்ணம். கிதாரைச் சரிசெய்ய வேண்டும். சரி, எந்த வயதுக்குத் திருப்புவது? 'ஒரிஜினல்' என்று பார்த்தால் 1969-க்குத் திருப்ப வேண்டும்: கறுப்பைச் சுரண்டி சன்பர்ஸ்ட்டைக் கொண்டுவந்து, வெள்ளை பிக்கார்டு போட்டு, மேப்பிள் நெக் தேட வேண்டும். சாதாரண ரெஸ்டோரேஷன்காரர் யாராக இருந்தாலும் இதைத்தான் முதலில் சொல்வார். கில்மோர் தரப்பு அதைச் செய்யவில்லை. காலர் டிரெமோலோவை எடுத்துவிட்டுக் குடைந்த இடத்தை மரத்தால் நிரப்பிப் பழைய வகை பிரிட்ஜைப் போட்டார்கள். கறுப்பு பிக்கார்டு, குட்டி ஸ்விட்ச், டங்கன் பிக்கப் எல்லாம் அப்படியே இருந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளை விட்டுவிட்டு, அது அதிகம் வாசிக்கப்பட்ட 1970-களுக்குத் திருப்பினார்கள். விற்கும் எண்ணத்தில் செய்ததல்ல, வாசிப்பதற்காகச் செய்தது. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில் பிங்க் ஃபிளாய்டின் நால்வரும் ஒன்றாக மேடையேறியபோது கில்மோர் தோளில் இதுதான் இருந்தது.

ஏலம்

2019 ஜனவரியில் கில்மோர் தன் கிதார்களில் 120-க்கும் மேற்பட்டவற்றை விற்கப்போவதாக அறிவித்தார். வரும் பணம் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் கிளையன்ட்எர்த் என்ற தொண்டு நிறுவனத்துக்கு. லண்டன், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் மூன்று ஊர்களிலும் கிதார்களைப் பார்வைக்கு வைத்தார்கள்.

பிளாக் ஸ்ட்ராட்டுக்குப் போட்ட மதிப்பு 1 லட்சம் முதல் ஒன்றரை லட்சம் டாலர். ரொம்பக் குறைவு என்று பலருக்கும் தோன்றியது. ஏலக்காரர்களுக்கு இது பழைய வித்தை: வாசலைத் தாழ்வாக வைத்தால் நிறையப் பேர் உள்ளே வருவார்கள், உள்ளே வந்தவர்கள் ஒருவரை ஒருவர் மேலே ஏற்றுவார்கள்.

விலையைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கை நேராக்கிவிட வேண்டும். செய்திகளில் வந்த 39,75,000 டாலர், ஏலத்தை முடித்துச் சுத்தி அடித்த விலை அல்ல. வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தர வேண்டிய கமிஷனும் அதில் சேர்ந்திருக்கிறது. அப்போது கிறிஸ்டீஸின் விகிதம் முதல் 3 லட்சம் டாலருக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 40 லட்சம் வரை 20 சதவீதம். பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுத்தி விழுந்தது 33 லட்சத்தில். அதன் மேல் 6,75,000 டாலர் கமிஷன். மதிப்பீட்டுத் தொகையில் கமிஷன் சேராது. ஆகவே 'மதிப்பைப்போல் 26 மடங்கு' என்று சொல்வது சரியில்லை. மேல் மதிப்பைப்போல் 22 மடங்கு என்பதே நேர்மையான ஒப்பீடு. யாராவது பழைய பொருளின் ஏல விலையைக் காட்டி 'என்னுடையதும் இவ்வளவு போகும்' என்றால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கமிஷனோடா, கமிஷன் இல்லாமலா?

வாங்கியவர் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் அப்போதைய உரிமையாளர் ஜிம் இர்சே. மொத்த ஏலத்தில் சேர்ந்தது 2 கோடியே 14 லட்சத்து 90 ஆயிரத்து 750 டாலர். ஒரு கிதார்கூட விற்காமல் திரும்பவில்லை.

நல்ல கிதார் தோற்ற இடம்

இப்போது அந்த இன்னொரு ஸ்ட்ராட். 1954, அதாவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிறந்த வருடமே செய்தது. வெளிர் வெள்ளை நிறம், தங்க நிற பிக்கார்டு. பின்தகட்டில் 0001 என்ற எண். கில்மோர் இதை 1978-இல் தன் டெக்னீஷியன் ஃபில் டெய்லரிடமிருந்து வாங்கினார். 0001 என்பதால் உலகின் முதல் ஸ்ட்ராட் என்று எண்ணிவிட வேண்டாம். ஃபெண்டரில் தகட்டு எண்களை வரிசைப்படி மாட்டியதில்லை, இதற்கு முன்பே ஸ்ட்ராட்டுகள் வெளிவந்துவிட்டன. இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நாலு இலக்கத்துக்கு ஒரு வசீகரம்.

சேகரிப்பவரின் வாய்ப்பாட்டில் போட்டால் 0001 எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண். வயது, அரிய எண், நிறம், கில்மோரின் கை. ஏல மதிப்பீடும் பிளாக் ஸ்ட்ராட்டுக்குப் போட்ட அதே 1 முதல் 1.5 லட்சம். ஒரே சொந்தக்காரர், ஒரே நாள், ஒரே மண்டபம், ஒரே தொண்டு நிறுவனம், ஒரே மதிப்பீடு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி அமையாது.

0001 போன விலை 18,15,000 டாலர். சுத்தி விலை 15 லட்சம். ஒட்டுப்போட்ட கறுப்புக் கிதாருக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

வித்தியாசம் என்ன? பாட்டு. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் கேட்பது பிளாக் ஸ்ட்ராட். 'கம்ஃபர்டபிளி நம்ப்' பாட்டின் கடைசியில் வரும் அந்த நீண்ட சோலோவும் அதே. ஏலத்தில் கை தூக்கியவர்கள் இளம் வயதில் ஆயிரம் முறை கேட்ட சத்தத்துக்குக் கை தூக்கினார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே உத்தரவாதம்: அந்தச் சத்தத்தைப் போட்ட மரம் இதுதானா?

தழும்புகள் தங்கள் வேலையைச் செய்தது இங்கேதான். தழும்பால் விலை ஏறியது என்று நான் சொல்ல வரவில்லை. விலையை ஏற்றியது பாட்டு. ஆனால் கறுப்பு ஸ்ட்ராட் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அடைத்த எக்ஸ்எல்ஆர் துளையும், அடியில் தெரியும் சன்பர்ஸ்ட்டும், இன்ன இடத்தில் இன்ன வடிவத்தில் உதிர்ந்த பெயின்ட்டும் ஒன்றில்தான் இருக்கின்றன. 1970-களின் மேடைப் படத்தைப் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூடப் பொருத்திப் பார்த்துவிடும். மச்சத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது போல.

அந்தப் பொருத்தத்தை வேறு யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1974 முதல் கில்மோரிடம் வேலை பார்த்த ஃபில் டெய்லர் இந்தக் கிதாரின் வரலாற்றை, எந்த வருடம் எந்த நெக், எந்த பிக்கப், எங்கே துளை என்று, 2008-இலேயே ஒரு முழுப் புத்தகமாக எழுதிவிட்டார். அதே வருடம் ஃபெண்டர் நிறுவனம் இதன் நகலை வெளியிட்டது. புத்தம் புதிது போல ஒன்று, தேய்மானங்களையும் சேர்த்துச் செயற்கையாகப் போட்டுத் தந்த 'ரெலிக்' ஒன்று. ஆள் வைத்துப் பெயின்ட்டை உதிர்த்து, உலோகத்தை மங்க வைத்து விற்றார்கள்!

ஆக, ஏலத்துக்குப் பதினோரு வருடம் முன்பே எல்லாக் குறையும் ஊரறிந்த விஷயம். நெக் 1983-ஐச் சேர்ந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கிதாரின் ஆகப் பெரிய குறை அதுதான். 1973-இலும் 1979-இலும் கில்மோரின் இடக்கை விரல்கள் ஓடிய நெக் இது கிடையாது. ஒட்டுப்போட்ட மரத்தைவிட, மறு பெயின்ட்டைவிட அது பெரிய விஷயம். அதையும் தெரிந்துகொண்டே 33 லட்சம் வரை கூவினார்கள். குறை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், கணக்குப் போடலாம். தெரியாத குறை ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஆள் கிளம்பிவிடுவார்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. எரிக் கிளாப்டன் 1970-இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் சில நூறு டாலர் வீதம் பழைய ஸ்ட்ராட்டுகள் ஆறு வாங்கினார். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் கொடுத்துவிட்டு, மிச்ச மூன்றிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து ஒன்றாக்கினார். அதுதான் 'பிளாக்கி'. சேகரிப்பவரின் மொழியில் அது ஒரு கலப்படம். 2004-இல் கிறிஸ்டீஸில் 9,59,500 டாலருக்குப் போனது. வாங்கிய கிதார் சென்டர் நிறுவனம் 2006-இல் அதன் 275 நகல்களைத் தலா 24,000 டாலருக்குக் கொண்டுவந்தது. கொடுத்த பணத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று முன்பே யோசித்திருப்பார்கள்.

உங்கள் கிதாருக்கு இது பொருந்துமா?

நேரடியாகப் பொருந்தாது. உங்கள் 1969 ஸ்ட்ராட்டை யாரும் ரேடியோவில் கேட்டதில்லை. மறு பெயின்ட்டுக்குப் பாதி என்ற வாய்ப்பாடு உங்களுக்கு முழுசாகச் செல்லும். குறைகளைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்தப் பாதி திரும்பி வராது. ஆனால் மீதிப் பாதி தங்குமா, அதுவும் கரையுமா என்பது நீங்கள் விற்கும் விதத்தில் இருக்கிறது. ஃபில் டெய்லர் ஒரு புத்தகத்தில் செய்ததை நீங்கள் ஒரு பக்கத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கழற்றுங்கள். நெக்கைக் கழற்றி அடிப்பகுதியில் இருக்கும் தேதியைப் படம் எடுங்கள். நெக் உட்காரும் குழியைப் படம் எடுங்கள். மறு பெயின்ட் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். பிக்கார்டைத் திறந்து வயரிங்கைக் காட்டுங்கள். வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் ஓர் எண் பொறித்திருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி செய்தது, அடுத்து வருவது வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1376622 என்றால் 1966-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். இங்கே ஒரு வேடிக்கை. ஃபெண்டர் 1966-இல் இந்தப் பாகத்தை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டது. அதனால் 1968, 69 கிதார்களில்கூட 66 என்ற எண் இருக்கும். விஷயம் தெரியாத விற்பனையாளர் இதைப் பார்த்து 'பாகம் மாறியிருக்கிறது' என்று தானே விலையைக் குறைத்துக்கொள்வார். விஷயம் தெரியாத வாங்குபவர் 'ஏமாற்றுகிறார்' என்று சண்டைக்கு வருவார். இரண்டு பேருக்கும் ஒரு வரி விளக்கம் போதும்.

அப்புறம் புற ஊதா விளக்கு. நூறு இருநூறு ரூபாய்க்குக் கள்ளநோட்டு பார்க்கும் சின்ன டார்ச் கிடைக்கிறதே, அதுவே போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு வெளிறிய பச்சை கலந்த மஞ்சளாக மினுங்கும். பின்னால் பூசிய இடம் திட்டாக இருண்டு தெரியும். வாங்குபவர் எப்படியும் இந்த விளக்கோடுதான் வருவார். அவருக்கு முன் நீங்களே அடித்துப் படமெடுத்துப் போட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: 1968-க்குப் பிறகு ஃபெண்டர் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது, அது இதே மாதிரி மினுங்காது. மினுங்கவில்லை என்பதால் மட்டும் மறு பெயின்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கிப்சன் என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. லெஸ் பால் கிதாரின் தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். மரம் மஹோகனி. நெக்கை நேராக்கும் கம்பிக்கான குழியும் சரியாக அந்த வளைவிலேயே வருகிறது. ஸ்டாண்டில் இருந்து மல்லாக்க விழுந்தால் அங்கேதான் பிளக்கும். நன்றாக ஒட்டினால் வாசிப்பில் ஒரு குறையும் தெரியாது. ஆனாலும் விலை பாதி. ஒட்டின தலையைப் பெயின்ட் பூசி மறைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒட்டியது தெரிந்தால் வாசிப்பவர்கள் பாதி விலைக்குச் சந்தோஷமாக வாங்குவார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் அந்தக் கிதாருக்கும் விற்றவருக்கும் சேர்த்தே பெயர் கெடும்.

ஒட்டிய தலையோடும் புகழ்பெற்றது ஒன்று இருக்கிறது: பீட்டர் கிரீன் வாசித்து, கேரி மூர் கைக்குப் போய், பல கை மாறி 2014-இல் மெட்டாலிக்காவின் கிர்க் ஹாமெட்டிடம் சேர்ந்த 1959 லெஸ் பால். அதன் நெக் பிக்கப்பில் காந்தம் தலைகீழாக இருக்கிறது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் சத்தம் ஒன்றையொன்று வெட்டி மூக்கால் பாடுவது போல மெலிந்து வரும். எந்த மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் 'சரி' செய்து தந்துவிடுவார். நல்ல வேளை, யாரும் கொடுக்கவில்லை.

கழற்றிய பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பழைய பிக்கப், உடைந்த நாப், துருப்பிடித்த பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, கழற்றிய தேதியை எழுதிக் கிதார்ப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளிநாட்டுக்கு விற்பதென்றால் ரோஸ்வுட்டைக் கவனியுங்கள். 1960-களின் முற்பாதி வரை ஃபெண்டர் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. தாள் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிளாக் ஸ்ட்ராட்டில் 1963-ஆம் ஆண்டு ரோஸ்வுட் நெக் இன்னும் இருந்திருந்தால் கிறிஸ்டீஸுக்கும் அந்தத் தலைவலி இருந்திருக்கும். சேகரிப்பவர் முகம் சுளிக்கும் 1983 மேப்பிள் நெக்குக்கு இப்படி ஒரு நன்மை.

விலை சொல்லும்போது முதலில் குறையில்லாத கிதாரின் விலையைச் சொல்லி, பெயின்ட்டுக்கு இவ்வளவு, நெக்குக்கு இவ்வளவு கழித்தேன் என்று கணக்கைக் காட்டிவிடுங்கள். பேரம் அப்போதும் நடக்கும். ஆனால் உங்கள் கணக்கின் மேல் நடக்கும்.

பிளாக் ஸ்ட்ராட்டின் சாதனை ஒரே வருடம்தான் நின்றது. 2020 ஜூனில் கர்ட் கோபேன் வாசித்த 1959 மார்ட்டின் டி-18இ கிதார் 60,10,000 டாலருக்குப் போனது. வலக்கைக்காரர்களுக்குச் செய்த அந்தக் கிதாரை இடக்கைக்குத் தோதாகத் தந்திகளைத் தலைகீழாக மாற்றிப் போட்டிருந்தார் கோபேன். மார்ட்டின் கம்பெனி வைத்த பிக்கப்புகள் போதாமல், நடுத்துளையில் கூடுதலாக ஒரு பார்ட்டோலினி பிக்கப். ஏலத்துக்கு வந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.